ஜூனியர் பையனை சீனியர் டீமில் இறக்குவது எப்படி? மலையில் டீம் நடத்துகிறவர்களுக்கு

"பையன் நல்லாத்தான் ஆடுறான், இன்னும் ஒரு வருஷம் போகட்டும்." கோத்தகிரி காந்தி மைதானமோ, ஊட்டி எச்.ஏ.டி.பி. கிரவுண்டோ, கூடலூர் பக்கம் எஸ்டேட்டுக்கு நடுவே மண்ணை வெட்டிச் சமன் செய்த செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) கிரவுண்டோ, எங்கே போய் நின்றாலும் ஃபுட்பால் டீம் நடத்துகிறவர் வாயிலிருந்து இந்த வரி வந்துவிடும். அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் பையன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் காலேஜுக்கோ திருப்பூரில் வேலைக்கோ மலை இறங்கியிருப்பான். ஐரோப்பாவில் காக்க வைத்தால் பையன் வேறு கிளப்புக்குப் போவான், ஆனால் ஃபுட்பாலில்தான் இருப்பான். நம்மிடம் காக்க வைத்தால் அவன் ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். அதனால் பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு, அதாவது கோச், கேப்டன், செகரட்டரி மூன்றுமே தானாக இருக்கும் அந்த அண்ணனுக்கு, இது.

முதலில் பயம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கோச்சுகளைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் கணக்கு முட்டாள்தனமான கணக்கு இல்லை. முப்பது வயதுக்காரர் பந்தைக் கோட்டைவிட்டால் "இன்னைக்கு அவருக்கு நாள் சரியில்லை" என்பார்கள். பதினேழு வயதுக்காரன் அதே தப்பைச் செய்தால் "யாருப்பா இவனை இறக்குனது?" என்பார்கள். கேள்வி பையனைப் பற்றியதே இல்லை, கோச்சைப் பற்றியது. பெரிய லீக்கில் வரிசையாக நாலு மேட்ச் தோற்றால் வேலை போகிறது. இன்று இறக்கிய பையன் பக்குவமாக மூன்று வருஷம் ஆகும். அப்போது அந்தப் பெஞ்சில் வேறு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். நாற்று வைப்பது ஒருத்தர், கொழுந்து பறிப்பது இன்னொருத்தர் என்றால் யார்தான் நாற்று வைப்பார்?

விதி ஒன்றும் தடையாக இல்லை என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் 25 பேர் பட்டியல்தான் கொடுக்க வேண்டும், ஆனால் 21 வயதுக்கு உட்பட்ட பையன்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள், எத்தனை பேரை வேண்டுமானாலும் இறக்கலாம். 2022-23 சீசனிலிருந்து ஒரு மேட்சில் ஐந்து சப் (மாற்று ஆட்டக்காரர்) வேறு. இடம் இருக்கிறது, மனசு வரவில்லை.

பெரும்பாலும் வாய்ப்பு எப்படி வருகிறது தெரியுமா? விபத்தாக. 2016 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மார்சியலுக்கு வார்ம் அப்பில் அடிபட்டது, வேறு ஃபார்வர்ட் இல்லாததால் 18 வயது ராஷ்ஃபோர்டை இறக்கினார்கள், மிட்யூலான்ட் டீமுக்கு எதிராக இரண்டு கோல் போட்டான், மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. 2019-ல் செல்சிக்கு வெளியிலிருந்து ஆள் வாங்க ஃபிஃபா தடை போட்டது. வேறு வழியில்லாமல் கோச் லாம்பார்ட் சொந்த அகாடமிப் பையன்களான மவுன்ட், ஆப்ரஹாம், ரீஸ் ஜேம்ஸ், டொமோரி நாலு பேரையும் ஆட வைத்தார். லீக்கில் நாலாவது இடம் வந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் இந்த நாலு பேரும் வேறு கிளப்புகளில் லோனில், அதாவது தற்காலிகமாக, ஆடிக்கொண்டிருந்தார்கள். தடை இல்லாவிட்டால் பாதிப் பேரை விற்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நம் நாட்டுக் கதையும் இதுதான். சுனில் சேத்ரி 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத் மேட்சோடு இந்திய டீமுக்கு விடை சொன்னார். 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டார்கள், நாற்பது வயதில் வந்து ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக கோலும் போட்டார். அவர்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது, கும்பிடத்தான் வேண்டும். ஆனால் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகள் ஃபார்வர்ட் இடத்தை வெளிநாட்டுக்காரருக்கே ஒதுக்கி வைத்தால், அவருக்குப் பின்னால் ஆள் எங்கிருந்து வரும்?

நம் மலையில் கோச்சுக்குச் சம்பளமே கிடையாது, போவதற்கு வேலையும் இல்லை. ஆனாலும் பயம் அதே பயம்தான். ஹட்டியின் (படுகர் ஊரின்) மானம், எஸ்டேட்டின் மானம், ஜெர்சிக்குப் பணம் போட்ட கடைக்காரரின் முகம், டீக்கடையில் மறுநாள் காலையில் நடக்கப்போகும் விசாரணை. இந்தப் பயத்தை "தைரியமா இறக்குங்க சார்" என்று சொல்லி விரட்ட முடியாது. முடிவை மேட்ச் அன்று காலையில் எடுத்தால் பயம்தான் ஜெயிக்கும். இரண்டு மாதம் முன்னாலேயே எடுத்துவிட்டால் அது வெறும் ஏற்பாடு. கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஏற்பாடுதான்.

பேரை எழுதுங்கள், கமிட்டியில் பேசுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் லீக் பதிவுப் படிவம். பட்டியலில் பேர் இல்லாதவனை எவ்வளவு ஆசைப்பட்டாலும் இறக்க முடியாது. சீசன் தொடங்கும் முன் வயதுச் சான்று, போட்டோ, ஆதார் நகல் என்று அலையும்போது "ஜூனியர் பசங்களை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள், அப்புறம் கடைசி நாள் தாண்டிவிடும். மூன்று ஜூனியர் பேரை முதல் நாளே எழுதிவிடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒன்று மட்டும் என்றும் வேண்டாம். ஒருத்தனை மட்டும் சேர்த்தால் அவன் 'அந்தப் பையன்' ஆகிவிடுவான், கிரவுண்டில் எல்லார் கண்ணும் அவன்மேல்தான் இருக்கும்.

அடுத்து கமிட்டி. சீசனுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து, இந்த மூன்று பேருக்கும் லீக்கில் ஆளுக்குக் குறைந்தது இத்தனை மேட்ச் தொடக்கத்திலிருந்தே கொடுக்கிறோம் என்று நோட்டில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாவது மேட்ச் தோற்ற பிறகு "யாரு இறக்குனது?" என்று யாராவது கிளம்பும்போது, அவர் கையெழுத்தும் அதில் இருந்தால் சத்தம் பாதியாகிவிடும். பழி ஒருத்தர் தலையில் விழாமல் பத்துப் பேர் தலையில் பிரிந்து விழுந்தால் யாருக்குமே அவ்வளவாக வலிக்காது.

2017-ல் இந்தியாவில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நடந்ததே, அந்தப் பையன்களைப் பிரித்துக் கிளப்புகளுக்கு அனுப்பினால் பெஞ்சில்தான் உட்காருவார்கள் என்று தெரிந்து, அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம் இண்டியன் ஆரோஸ் என்ற பேரில் அவர்களை ஒரே டீமாக ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் ஆட விட்டது. கடைசி இடம் வந்தாலும் கீழ் லீக்குக்குத் தள்ள மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். 2017-18-ல் கடைசி இடம்தான் வந்தார்கள். ஆனால் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் கோலைப் போட்ட ஜீக்சன் சிங், சுரேஷ் வாங்ஜம், அன்வர் அலி எல்லாரும் அந்த டீமில் ஆடி, பிறகு பெரிய கிளப்புகளுக்கும் இந்திய சீனியர் டீமுக்கும் போனவர்கள்தான். தோல்விக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்த டீம் அது. நம் கமிட்டி நோட்டும் சின்ன அளவில் அதையே செய்கிறது.

எந்தப் பையன்?

இங்கேதான் நிறைய டீம்கள் சறுக்குகின்றன. அண்டர் 15-ல் நாலு பேரை ஏமாற்றிவிட்டுக் கோல் போடுகிறவனை எல்லாருக்கும் பிடிக்கும். அவனைக் கொஞ்சம் சந்தேகமாகப் பாருங்கள். பல நேரம் அவன் சீக்கிரம் வளர்ந்த பையனாக இருப்பான்: பதினாலு வயதிலேயே மீசை, மற்றவனைவிட ஒரு சாண் உயரம், ஓடினால் யாரும் பிடிக்க முடியாது. பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், அப்போது அவனிடம் வேகத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. வயதுக் கணக்கு ஜனவரி ஒன்றாம் தேதியை வைத்து என்றால் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரியவன், ஆனால் ஒரே பிரிவில் ஆடுகிறான். செலக்‌ஷன் பட்டியலை எடுத்துப் பிறந்த மாதத்தை ஒரு தடவை பாருங்கள். உலகம் முழுக்க அகாடமிகளில் வயதுக் கணக்கு தொடங்கும் தேதியை ஒட்டிய முதல் மாதங்களில் பிறந்த பையன்கள்தான் அதிகமாகத் தேறுகிறார்கள். நவம்பரில் பிறந்த ஒல்லிப் பையன் ஒருத்தன் உங்கள் பெஞ்சிலும் இருப்பான், அவனை ஒரு தடவை கூடுதலாகக் கவனியுங்கள்.

பார்க்க வேண்டியது பந்து காலில் இருக்கும்போது என்ன செய்கிறான் என்பதைவிட, பந்து போன அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறான் என்பது. இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, துரத்துகிறானா, இல்லை துரத்தாமல் சரியான இடத்தில் போய் நின்று வழியை அடைக்கிறானா? மூன்றாவது செய்பவன் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் ஒரு சோதனை இருக்கிறது, இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. பையனை ஒரு மாதம் சீனியர் பிராக்டிஸில் சேர்த்துவிட்டு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நில்லுங்கள். முதல் வாரம் யாரும் அவனுக்குப் பந்து கொடுக்க மாட்டார்கள். இரண்டாவது வாரம் வேறு வழியில்லாதபோது கொடுப்பார்கள். ஒரு நாள் உங்கள் சென்டர் ஹாஃப் இரண்டு பேர் நெருக்கும்போது தலையைத் தூக்கிப் பார்த்து, வலது பக்கம் நிற்கும் பழைய ஆளை விட்டுவிட்டு இந்தப் பையனிடம் தட்டிவிடுவார். அவன் தயார். சீனியர்கள் வாயால் "சின்னப் பையன், இன்னும் வரணும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள், கால் வேறு மாதிரி சொல்லும். காலை நம்புங்கள்.

எந்த மேட்ச், எந்த இடம், எத்தனை நிமிஷம்

மூன்று கோல் வாங்கிவிட்டோம், எண்பதாவது நிமிஷம், "சரி, பையனை அனுப்பு." இதை வாய்ப்பு என்று யாரும் சொல்லக்கூடாது. எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டு நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் அவன் என்னத்தைக் கற்றுக்கொள்வான்? ஜெயித்த மேட்சின் கடைசி நிமிஷமும் பெரிதாக மாறிவிடாது. ஆர்சனலின் ஈத்தன் வானேரி 2022 செப்டம்பரில் 15 வயது 181 நாளில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் இறங்கி, பிரீமியர் லீக் வரலாற்றிலேயே வயது குறைந்தவன் என்று பேர் வாங்கினான். அடுத்த லீக் மேட்ச் அவனுக்குக் கிடைத்தது 2024 பிப்ரவரியில். பதினைந்து வயதுப் பையனைப் பொத்திப் பொத்தி வளர்ப்பது நியாயம்தான், தப்பு சொல்லவில்லை. ஆனால் சாதனைப் பட்டியலில் பேர் வருவது வேறு, ஆட வைப்பது வேறு.

என் கட்சி இது: தொடக்கத்திலிருந்து இறக்குங்கள், 55-வது நிமிஷத்தில் வெளியே எடுங்கள், அதை முந்தைய வியாழக்கிழமையே அவனிடம் சொல்லிவிடுங்கள். விசில் அடிக்கும்போது இருபத்திரண்டு பேரும் ஒரே மாதிரிதான் குளிர்ந்து கிடப்பார்கள், ஆட்டத்தின் வேகத்தோடு அவனும் சேர்ந்து சூடாவான். நடுவில் இறங்குகிறவன் ஏற்கெனவே கொதிக்கும் ஆட்டத்தைப் படித்துப் புரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும், அதற்குத்தான் அனுபவம் வேண்டும். நாம் என்னவோ அனுபவஸ்தரைத் தொடக்கத்தில் வைத்துவிட்டு அனுபவமில்லாதவனை நடுவில் தள்ளுகிறோம். எடுக்கப்போகும் நேரம் முன்பே தெரிந்தால் இன்னொரு லாபம், போர்டு தூக்கும்போது அவன் முகம் செத்துப் போகாது.

இடம் என்றால் விங் (கோட்டோரமாக முன்னேறி ஆடுகிறவர்) அல்லது சைடு பேக் (கோட்டோரத் தடுப்பாட்டக்காரர்). ஒரு பக்கம் கோடு இருப்பதால் எதிராளி ஒரே திசையிலிருந்துதான் வருவான், தப்பு செய்தாலும் கோலுக்குத் தூரம் இருக்கிறது. ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் தடுப்பவர்) இடத்திலோ கோல்கீப்பராகவோ முதல் மேட்ச் ஆட வைக்காதீர்கள், அங்கே ஒரு தப்பு என்றால் ஒரு கோல். உங்கள் பெஞ்ச் இருக்கும் பக்கத்து விங்காக இருந்தால் கத்தாமலே பேசலாம். ஆனால் ஹாஃப் டைம் முடிந்து சைடு மாறும்போது அதே விங் எதிர்ப்பக்கம் போய்விடும் என்பதை மறந்துவிடுகிறார்கள், பையன் திடீரென்று தனியாகிவிடுவான். அப்போது அவனை மற்ற விங்குக்கு மாற்றி மறுபடி பெஞ்ச் பக்கமே வைத்துக்கொள்ளலாம். பக்கத்து ஹட்டி மேட்சில் வேண்டாம், அங்கே ஆட்டத்தைவிடச் சண்டை பெரிசு.

வானிலையும் பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் கிரவுண்டு சேறாகிவிடும்; சேற்றில் எடைதான் ஆடும், ஒல்லிப் பையன் அங்கே காணாமல் போவான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அதே கதை. ஜனவரிக் காலையில் ஊட்டியில் உறைபனி விழுந்த தரை கல் மாதிரி இருக்கும், வார்ம் அப் இருமடங்கு. பிப்ரவரியிலிருந்து பொதுத்தேர்வு முடியும் வரை பத்தாவது, ப்ளஸ் டூ பையன்களைத் தொடவே வேண்டாம். அதைப் பெற்றோரிடம் நீங்களே போய், தேதியோடு சொல்லிவிட்டால் மற்ற மாதங்களுக்கு அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பக்கத்தில் யார்?

1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 தோற்றபோது "சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது" என்று முன்னாள் ஆட்டக்காரர் ஆலன் ஹான்சன் டிவியில் சொன்னதும், அதே சீசனில் பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் இருந்த அந்த டீம் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வாங்கியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஜூனியர் பையனுக்காக வாதாடுகிறவர்கள் எல்லாம் இதைத்தான் இழுப்பார்கள். பாதிக் கதையை விட்டுவிடுவார்கள். கோலில் ஷ்மைக்கேல், பின்னால் புரூஸ், பாலிஸ்டர், இர்வின், நடுவில் ராய் கீன், அக்டோபரில் தடை முடிந்து திரும்பி வந்த கன்டோனா. பையன்கள் ஓடினார்கள், சுவர் பெரியவர்கள்தான். ஹான்சன் சொன்னது தப்பு, ஆனால் முழுத் தப்பு இல்லை.

நமக்குக் கிட்டத்தில் நடந்ததையே பாருங்களேன். 2018-19-ல் ஐ-லீக் வாங்கிய சென்னை சிட்டி எஃப்.சி. மேட்டுப்பாளையம் தாண்டினால் எட்டிவிடும் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில்தான் சொந்த மேட்ச் ஆடியது. எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் என்று நம் தமிழ்நாட்டுப் பையன்கள் நிறையப் பேர். முதுகெலும்பாக நின்றது பெட்ரோ மான்சி, நெஸ்டர், சான்ட்ரோ, எஸ்லாவா என்று ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். கலவைதான் வித்தை.

அதனால் பையனைத் தேர்ந்தெடுப்பதோடு அவனுக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்கப்போகும் சீனியரையும் தேர்ந்தெடுங்கள். நன்றாக ஆடுகிறவர் என்பதைவிட ஓயாமல் பேசுகிறவர் வேண்டும்: "ஆள் வர்றான்", "திரும்பு", "டைம் இருக்கு". திட்டுகிறவர் வேண்டவே வேண்டாம். அந்தச் சீனியரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு உங்கள் வேலை இந்தப் பையன்தான் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

குன்னூர் பக்கம் ஒரு லீக் மேட்சில் பார்த்தது. மஞ்சு இறங்கி எதிர் கோல்போஸ்ட் தெரியாத மத்தியானம். பதினேழு வயது ரைட் பேக், கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டிய பந்து ஈரப் புல்லில் நின்றுவிட்டது, எதிர் ஃபார்வர்ட் ஓடி வந்து கோல் போட்டுவிட்டான். மேட்டில் நின்ற கூட்டம் முழுக்கப் பெஞ்சைப் பார்த்தது. கோச் எழுந்திருக்கவே இல்லை, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். பையன் ஜெர்சி நுனியைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்து கிடைத்த த்ரோவை ஸ்டாப்பர் அண்ணன் வாங்கி, முன்னால் ஆள் காலியாக நின்றும், வேண்டுமென்றே அவனிடம் போட்டார். அவன் திருப்பிக் கொடுத்தான். மறுபடி அவனிடமே. மூன்று தடவை. நாலாவது தடவை அவனே முன்னால் ஓடிக் கேட்டான். மேட்ச் தோற்றுத்தான் போனார்கள். அடுத்த வாரமும் அவன்தான் ரைட் பேக்.

அந்த அடுத்த வாரம்தான் முக்கியம். தப்பு செய்த பையனை அடுத்த மேட்சிலும் இறக்குங்கள், இதில் பேரமே கூடாது. வெளியே உட்கார வைத்தால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: பந்தைக் கேட்காமல் ஒளிந்துகொள்வது. பந்தைக் கேட்காதவன் தப்பே செய்ய மாட்டான், பிரயோஜனமும் இருக்காது.

மேட்டிலிருந்து கத்துகிற பெரியவர் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அவரைக் கூப்பிட்டு டீமின் முதலுதவிப் பெட்டியைக் கையில் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிடுங்கள். பதவி வந்ததும் அடங்கிவிடுவார், சொந்த அனுபவம்.

பையனிடம் என்ன சொல்வது, உடம்பை எப்படிப் பார்ப்பது

"உன் திறமையைக் காட்டு" என்று சொல்லாதீர்கள், அதைவிட மோசமான அறிவுரை கிடையாது. இரண்டே வேலை கொடுங்கள்: பந்து வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடு, பந்து போனால் துரத்து. முதல் இருபது நிமிஷம் அது மட்டும். மிச்சம் தானாக வரும்.

உடம்பு விஷயத்தில்தான் உண்மையாகவே ஜாக்கிரதை வேண்டும். நல்ல பையன் என்றால் ஸ்கூல் டீம், அண்டர் 17, ஞாயிறு செவன்ஸ், இப்போது சீனியர் என்று நாலு பேர் அவனை இழுப்பார்கள். வாரத்தில் மொத்தம் எத்தனை மேட்ச் என்று யாரும் எண்ணுவதில்லை. நீங்கள் எண்ணுங்கள், ஒரு நோட்டு போதும். வளரும் வயதில் முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றாலோ, குதிகாலில் வலி என்றாலோ, அது நடிப்பு இல்லை, வளர்ச்சிக் குருத்து இழுபடுகிறது. ஸ்பிரே அடித்து ஆட விடாமல் ஓய்வு கொடுத்து டாக்டரிடம் அனுப்புங்கள். கேத்தி பக்கம் சில பையன்கள் விடிவதற்கு முன்னாலேயே கேரட் அறுவடைக்குப் போய்விட்டு அப்படியே மேட்சுக்கு வருவார்கள், கேட்டால் சொல்ல மாட்டார்கள், கண்ணைப் பார்த்தால் தெரியும். அன்று அவனுக்கு அரை மணி நேரம் போதும். பூட்ஸும் பாருங்கள், அண்ணனின் பழைய பூட்ஸில் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆடுகிறவனிடம் 'டச் சரியில்லை' என்று குறை சொல்வது பாவம்.

பிராக்டிஸ் ஆறு மணிக்கு முடிந்தால் எஸ்டேட் லயன் வீட்டுக்குப் போகிற பையன் இருட்டில் காட்டுமாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலரைக்கே முடித்து பஸ் ஏற்றி விடுங்கள். பெற்றோர் பையனை அனுப்பாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான், ஃபுட்பாலே இல்லை.

கெஸ்ட் பிளேயர் விஷயம்

வெளியூர் ஆளைக் காசு கொடுத்து ஒரு மேட்சுக்கு மட்டும் கொண்டு வருவது மலப்புறம் காற்று. அங்கே செவன்ஸில் ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆள் கொண்டு வந்து ஆட வைக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் நாக் அவுட் என்றால் கீழே இருந்து இரண்டு பேர். வண்டிச் செலவு, சாப்பாடு, கையில் பணம். அவர் வருகிறார், உங்கள் பையன் உட்காருகிறான். கப் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, திங்கட்கிழமை அவர் ஊருக்குப் போய்விடுகிறார்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, நல்ல கெஸ்ட் பிளேயர் பக்கத்தில் ஆடினால் பையனும் கற்றுக்கொள்வான். ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கால் பங்கு குறைவு. காலையில் வந்து மத்தியானம் ஆடுகிறவர் முதல் இருபது நிமிஷம் பறப்பார், இரண்டாவது பாதியில் முட்டியில் கை ஊன்றி நிற்பார், பந்தும் அவர் நினைத்ததைவிடத் தூரம் போகும். இங்கேயே பிறந்த பையனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. லெவன்ஸ் என்றால் கெஸ்ட்டைக் கடைசி அரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தொடக்கத்தில் பையன். எப்போதும் தலைகீழாகவே செய்கிறோம்.

பையனுக்கு

இதைப் படிக்கும் பையன் யாராவது இருந்தால்: "ஏன் என்னை இறக்கலை?" என்று கேட்காதே, "எதில் குறை இருக்கு?" என்று கேள், முதல் கேள்விக்கு அவர் கோபப்படுவார், இரண்டாவதற்கு யோசித்தாக வேண்டும். இரண்டாவது இடம் ஒன்று கற்றுக்கொள், முக்கியமாக சைடு பேக். எல்லா டீமிலும் ஆள் பஞ்சம் அங்கேதான். மழை நாள் பிராக்டிஸைத் தவறவிடாதே, அன்று பத்துப் பேர்தான் வருவார்கள், கோச் கண்ணில் படாமல் இருக்க முடியாது.

கடைசியாக டீம் நடத்துகிறவருக்கு ஒன்று. இவ்வளவு செய்த பிறகும் பையன் ப்ளஸ் டூ முடித்துக் கீழே போகத்தான் போகிறான். பெரிய கிளப்பிலேயே போகிறார்கள். மான்செஸ்டர் சிட்டியில் கோல் பால்மருக்கு இடம் கிடைக்கவில்லை, 2023-ல் செல்சிக்குப் போன முதல் சீசனிலேயே லீக்கில் 22 கோல். கோயம்புத்தூர் டீம் ஏதாவது கூப்பிட்டு உங்கள் பையன் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேட்டு வந்தால் இழுத்தடிக்காமல் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மனக்கசப்பு இல்லாமல் போனவன்தான் பொங்கல் லீவில் டோர்னமென்ட்டுக்கு வந்து ஆடிக் கொடுப்பான், பஸ் காசை மட்டும் டீம் பார்த்துக்கொள்ளட்டும்.